விடிகாலை அஞ்சு மணிக்குச் சீப்புச்சீடை தேடுவது யார்?

எனக்கு இது பைத்தியம்தான், ஒத்துக்கொள்கிறேன். காலையில் காபி இறங்குவதற்குள் கூகுள் அனலிட்டிக்ஸைத் திறந்துவிடுவேன். "கல்லாவைத் திறக்காம அதை எதுக்குத் திறக்கிறே?" என்று மாமியார் கேட்காத நாளில்லை.

காரைக்குடியில் எங்களுக்குச் சின்னப் பலகாரத் தொழில். சீப்புச்சீடை, மாவுருண்டை, கைமுறுக்கு, தேன்குழல். வெப்சைட் போட்டுக்கொடுத்த தம்பி மாசாமாசம் "அக்கா, பதினஞ்சாயிரம் ஹிட்ஸ்!" என்பான். ஆர்டரோ பதினஞ்சுகூடத் தேறாது. சூட்சுமம் பிறகுதான் புரிந்தது. பக்கத்தில் உள்ள ஒவ்வொரு படமும் சர்வரிலிருந்து இறங்கும்போது ஒரு ஹிட். முப்பது படம் போட்ட பக்கத்தை என் நாத்தனார் ஒரு தடவை திறந்தாலே முப்பதைத் தாண்டிவிடும். தேடுபொறிகளின் ரோபோக்கள் வந்து போவதும் அதே கணக்கில்தான். அட, இதற்கா நான் கேசரி கிண்டினேன்!

அனலிட்டிக்ஸுக்கு மாறியதும் கண் திறந்தது. பத்து விநாடிக்கு மேல் தங்கினாலோ, இரண்டு பக்கமாவது பார்த்தாலோ, ஆர்டர் மாதிரி நாம் முக்கியம் என்று குறித்து வைத்ததைச் செய்தாலோதான் அதில் 'எங்கேஜ்டு செஷன்'. மழைக்குக் கடை வாசலில் ஒதுங்கியவரையும், கண்ணாடி ஜாடியைத் தட்டி "கால் கிலோ என்ன விலை?" என்பவரையும் பிரித்துக் காட்டுகிறதே, எத்தனை அழகு! (முதல் மாதத்தில் விழுந்து விழுந்து பார்த்த விசுவாசி யாரென்று தேடினால், நானேதான். என் வீட்டு இன்டர்நெட் முகவரியைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டேன்.)

அடுத்ததுதான் என்னைக் கிறுக்காக்கியது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், மணிவாரியான கணக்கில் விடிகாலை அஞ்சு மணிக்கு ஒரு மேடு. பால்காரர்கூட வராத நேரம். ரோபோ என்றே நினைத்தேன். நாடுவாரியாகப் பிரித்தால், அமெரிக்கா! நமக்கு அஞ்சு மணி என்றால் நியூஜெர்சியில் முந்தின நாள் சாயங்காலம் ஏழரை. வேலை முடிந்து வந்து, ஊர் ஞாபகத்தில் போனைத் தடவுகிறார்கள். நாங்களோ பத்து மணிக்குச் சாவகாசமாகப் பதில் போட்டுக்கொண்டிருந்தோம். அப்போது அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. எப்படியும் நாலு மணிக்கு அடுப்பு மூட்டுகிறவர்கள் நாங்கள். ஒரு கையில் முறுக்கைச் சுற்றிக்கொண்டே மறு கையில் வாட்ஸ்அப் பதில் என்று ஆரம்பித்தோம். அந்தத் தீபாவளிக்கு அட்டைப்பெட்டி தீர்ந்துபோனது!

சர்ச் கன்சோலைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம் பிடிக்கும். கூகுளில் என்ன தட்டியபோது நம் கடை தலைகாட்டியது, எத்தனை பேர் அதைத் தொட்டு உள்ளே வந்தார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. 'சீப்புச்சீடை எத்தனை நாள் கெடாது' என்று ஒரு வரி. பலமுறை காட்டியும் ஒருவர்கூட உள்ளே வரவில்லை. ஏன் வருவார்கள்? எங்கள் பக்கத்தில் விலை இருந்தது, எடை இருந்தது, கெடாத நாள் கணக்கு மட்டும் இல்லை. காற்றுப் புகாத டப்பாவில் மூணு வாரம் என்று ஒரு வரி சேர்த்தேன். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பதினாறு மாதக் கணக்கு அதில் நிற்கும் என்பதால் போன தீபாவளியையும் இந்தத் தீபாவளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரசிக்கலாம்.

வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்டால் வருகிறவர்கள் அனலிட்டிக்ஸில் பெரும்பாலும் 'டைரக்ட்' என்ற மூட்டையில் விழுந்துவிடுவார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாது. அதற்கும் வழி இருக்கிறது. லிங்கின் வாலில் யு.டி.எம். என்ற அடையாளக் குறிப்பை ஒட்டினால் போதும். அந்த 'யு', 2005-ல் கூகுள் வாங்கிய அர்ச்சின் என்ற கம்பெனியின் முதலெழுத்தாம். கடை கைமாறியும் பழைய போர்டு இறங்கவில்லை! பள்ளித் தோழிகள் குரூப்புக்கு ஒரு வால், அபார்ட்மென்ட் குரூப்புக்கு ஒரு வால் ஒட்டினேன். தோழிகள் 'சூப்பர் டி' என்று இதயம் அனுப்பியதோடு சரி. வாங்கியது அபார்ட்மென்ட்.

போன வாரம் ராத்திரி, படுக்கும் முன் ரியல்டைம் திரையைத் திறந்தேன். கடைசி அரை மணியில் வந்தது ஒரே ஒருவர். வரைபடத்தில் ஜெர்மனிமேல் ஒரு புள்ளி, மாவுருண்டைப் பக்கம். கொஞ்ச நேரத்தில் டெலிவரி கட்டணப் பக்கம். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து மாமியார் குரல்:

"என்னடி, வாங்கிட்டாங்களா இல்லையா?"