லால்பாக் பாறை

பெங்களூர் லால்பாக்கைப் பார்த்துவிட்டுத் தருமபுரி திரும்பும் நம்மவர்கள் அங்குள்ள கண்ணாடி மாளிகையைத்தான் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு மயக்கமில்லை. லண்டன் பளிங்கு மாளிகையைப் பார்த்துச் செய்த நகல். 1889-இல் அடிக்கல் நாட்டினார்கள். மலர்க் கண்காட்சிக்கு நல்ல கொட்டகை, அவ்வளவுதான்.

தோட்டத்தைத் தொடங்கியவர் ஹைதர் அலி, 1760-இல். நம் பாராமகாலையும் ஆண்டவர். அவர் மகன் திப்பு 1792-இல் அதைக் கும்பினியாரிடம் இழந்தார். ஹைதர் மனத்தில் இருந்தது மொகலாயர் பாணி. பின்னால் வந்தவர்கள் எதை எதையோ நட்டார்கள், கட்டினார்கள். நல்லவேளை, பாறையை உடைக்கவில்லை. முந்நூறு கோடி ஆண்டுப் பழசு என்று நிலவியலார் கணக்கிடும் பாறை அது!

கல்லைத் தோட்டத்துக்கு உயிராக்கியவர்கள் சீனர்கள். ஸூசோ நகரத்துச் செல்வர்கள் தாய் ஏரியிலிருந்து, தண்ணீர் அரித்துத் துளைத்த கற்களைக் கொண்டுவந்து நட்டு, அவற்றையே மலையாகப் பாவித்தார்கள். அழகுதான், ஆனாலும் பாவனை. லால்பாக்கில் பாவனைக்கு வேலையே இல்லை. நம் பக்கத்திலும் இப்படிப் பாறைகளுக்குக் குறைவில்லை; கண்டதும் நமக்கு ஜல்லிக்கணக்குத்தான் தோன்றுகிறது.

லால்பாக் பாறைமேல் கெம்பெ கௌடர் பெயர் சொல்லும் சிறு கோபுரம் ஒன்று நிற்கிறது. கண்ணாடி மாளிகையைப் புகழ்கிறவர்களும் மாலையில் அங்கேதான் போய் உட்காருகிறார்கள்.