பழுது பார்த்தும் பிடிக்காத பிரேக்

இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காருக்கு உதிரிபாகம் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. அதனாலேயே பிரேக்கில் குறை என்றால் உரிமையாளர்கள் மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர், ஹோஸ், ஷூ என்று மொத்தமாக மாற்றிவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: உள்ளே காற்று இருக்கிறது, அல்லது புது மாஸ்டர் சிலிண்டரே சரியில்லை. எதுவும் பலிக்காதபோது பூஸ்டர் மாட்டச் சொல்வார்கள்.

இந்த மூன்றையும் எடைபோடுமுன் பெடல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். சில வண்டிகளில் பெடல் தரை வரை இறங்கும். சிலவற்றில் பெடல் மேலேயே கல்லாக நிற்கும், வண்டிதான் நிற்காது. முன்னது எங்கோ இடைவெளி அதிகம் என்பதற்கு அடையாளம். பின்னது உராய்வில் உள்ள குறை. இரண்டையும் ‘பிரேக் வீக்’ என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் தவறான சாமான் வாங்கப்படுகிறது.

காற்றின் மேல் பழி போடுவது எளிது. ஆனால் காற்றிருந்தால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும். ஆழமாக இறங்கி, அங்கே உறுதியாக நிற்கும் பெடலுக்குக் காற்று காரணமல்ல. முன்சக்கர டிஸ்க்கில் பேடு தேயத் தேய பிஸ்டன் தானே நகர்ந்து இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். பின்னாலுள்ள 10 அங்குல டிரம்முக்கு அந்த வசதி கிடையாது. பேக் பிளேட்டின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சதுரத் தலை அட்ஜஸ்டரை ஒருவர் படுத்துக்கிடந்து திருப்பியாக வேண்டும். பொருந்தாத ஸ்பானரால் அதன் முனைகள் மழுங்கியிருந்தால், ‘செட்டிங் செய்தாச்சு’ என்ற பேச்சை நம்பாதீர்கள். சோதனை எளியது. வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் பெடலை மிதியுங்கள். பெடல் சட்டென்று மேலே வந்தால் குற்றவாளி பின்சக்கர ஷூ. புது ஷூவின் வளைவு டிரம்மோடு முழுதாக ஒட்டாவிட்டாலும் பெடல் சரியாக வராது.

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றுமுன் மூன்று ரப்பர் ஹோஸையும் அதற்கென்றே உள்ள கிளாம்ப்பால் இறுக்கிப் பார்க்கலாம் (எஃகு வலை சுற்றிய ஹோஸில் இதைச் செய்யக் கூடாது). பெடல் மேலே வந்து கெட்டியாக நின்றால் சிலிண்டர் நிரபராதி. ஒவ்வொன்றாகத் தளர்த்தும்போது எங்கே பெடல் இறங்குகிறதோ அந்தப் பக்கம்தான் கோளாறு. காலை அழுத்தியபடியே வைத்திருக்கும்போது பெடல் மெதுவாகக் கீழே போனால், அப்போது சிலிண்டரின் சீலைச் சந்தேகிப்பது நியாயம். பெடல் ஆழத்தைக் குறைக்க முக்கால் அங்குல சிலிண்டருக்குப் பதில் 7/8 அங்குலம் மாட்டுவது மோசமான வைத்தியம். பெடல் கெட்டியாகி நம்பிக்கை தரும். அதே மிதிக்குக் கிடைக்கும் அழுத்தமோ ஏறத்தாழ 27 சதவீதம் குறைந்துவிடும்.

பூஸ்டர் காலின் பலத்தைப் பெருக்கும், அவ்வளவுதான். இறங்கும் பெடலை அது மேலே தூக்காது. தொடக்க கால எம்ஜிபிகள் பூஸ்டர் இல்லாமலேயே ஒழுங்காக நின்றவை. ஆகவே பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் பேடு, லைனிங் பக்கம் பாருங்கள். சூடேறினால் மட்டுமே கடிக்கும் கடினமான பேடு, சரியாகப் படியாத புது லைனிங், பின் ஆக்சில் சீலிலிருந்து கசிந்த எண்ணெய் ஆகியவையே பெரும்பாலும் காரணம்.

என் தீர்ப்பு இது: இறங்கும் பெடலுக்கு முதலில் பின் அட்ஜஸ்டர், அடுத்து காற்று, கடைசியில்தான் மாஸ்டர் சிலிண்டர். கெட்டிப் பெடலுக்கு லைனிங். பூஸ்டர் சொகுசுக்கு வேண்டுமானால் மாட்டலாம், பழுதுக்கு மாட்டக் கூடாது. இந்த வரிசைக்குள் அடங்காத வழக்கு ஒன்றுண்டு. வளைவில் திரும்பிய பிறகு முதல் மிதியில் மட்டும் பெடல் இறங்கி, அடுத்த மிதியில் சரியாகிவிடும். முன்சக்கர பேரிங்கில் ஆட்டம் அதிகமானால் டிஸ்க் அசைந்து பிஸ்டனை உள்ளே தள்ளிவிடுகிறது. அந்த ஆட்டத்தை ஷிம் வைத்து 0.002 முதல் 0.004 அங்குலத்துக்குள் கொண்டுவர வேண்டும்; பிரேக்கில் எந்தச் சாமானை மாற்றினாலும் அது போகாது.