கேழலும் ஏனமும் பன்றியும்

அருளிச்செயலுக்கு அண்மைக்காலத்தில் எழுந்த தெளிவுரைகள் பலவற்றில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. மூலத்தில் கேழல் என்றிருப்பினும், ஏனம் என்றிருப்பினும், பன்றி என்றே இருப்பினும், உரையில் 'வராஹாவதாரம் செய்தருளி' என்னும் ஒரே தொடர் அமைகிறது. பொருளில் பிழையில்லை, ஆயினும் ஆழ்வார்கள் தெரிந்தெடுத்த சொல் மறைந்துவிடுகிறது.

எதுகை நோக்கி வந்த பரியாயச் சொற்களே இவை என்பார் உளர். அது ஓரளவே பொருந்தும். திருவாய்மொழி முதற்பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழியில், இரண்டாம் பாட்டில், கேழல் எதுகைத் தானத்தில் நிற்பது உண்மையே. ஆனால் அதே எதுகையில் வேழமும் வருகிறது என்பதை நோக்குதல் வேண்டும். தொல்காப்பிய மரபியல் களிறு என்னும் ஆண்பாற்பெயரை யானைக்குச் சிறப்பாக உரிமையாக்கி, அடுத்த சூத்திரத்திலேயே கேழலுக்கும் அது விலக்கன்று என்கிறது. அங்கும் இவ்விரு சொற்களே எதுகையாய் முன் நிற்கின்றன. இவ்விணையை நினைந்து பாசுரத்தைக் காண்பார்க்கு ஒரு நயம் புலப்படும்: கேழலின் கோடு உலகை ஏந்தியது, வேழத்தின் கோடோ ஒடிக்கப்பட்டது. வராஹம் என்ற அளவில் உரை நிற்குமாயின் இவ்வெதிர்நிலை காணாமற்போகும்.

ஏனம் என்பதன் நிலை வேறு. திருவிருத்தத்துத் தொண்ணூற்றொன்பதாம் பாட்டில் ஈனம், ஏனம், ஞானம் மூன்றும் ஓரெதுகையில் கோக்கப்பட்டுள்ளன. பிறர் இழிவென எண்ணத்தகும் சொல்லில் தொடங்கி, விலங்கின் வடிவைக் கடந்து, ஞானப்பிரான் என்னும் திருநாமத்தில் அப்பாட்டு ஏறுகிறது. நடுவில் நிற்கும் ஏனமே படி.

பொய்கையாரிடத்து எதுகை என்ற காரணமும் இல்லை. முதல் திருவந்தாதி ஒன்பதாம் பாட்டில் எதுகை பெறுவது கோட்டைச் சொல்லும் தொடரே. ஏனம் அதன் பின்னே நிற்கிறது. அன்று ஒரு கோட்டின்மேல் கிடந்த மண்ணையன்றோ பின்பு திருவடியால் அளந்தாய் என்பது அப்பாட்டின் வினா. ரிஷிவந்தியத்துக்கு அணித்தேயுள்ள திருக்கோவலூரில், உலகளந்த பெருமானின் தூக்கிய திருவடியைச் சேவிப்பார்க்கு இவ்வினாவின் சுவை தனி. முதலாழ்வார் மூவரும் இடைகழியில் நெருக்குண்டு நின்ற ஊர் அது. அளக்கத் திருவடி நீண்டது. ஏந்துதற்கோ ஒற்றைக் கோடு போதியதாயிற்று.

வடமொழியில் அமரசிம்மன் ஸிம்ஹாதி வர்க்கத்தில் இவ்விலங்குக்குப் பன்னிரண்டு பெயர் கூறுகிறான். இறுதியில் நிற்பது பூதார என்பது. நிலத்தைப் பிளப்பது என்று பொருள். ஆழ்வார்கள் இடந்த, கீண்ட என்னும் வினைகளைக் கூட்டுவதும் இவ்வியல்பு பற்றியே. கல்வராயன் மலையடியில் மரவள்ளி பயிரிடுவோர்க்கு இதற்கு உரை வேண்டா. இரவில் காட்டுப்பன்றி கிளறிய நிலத்தை விடியலில் கண்டவர்கள் அவர்கள். கேழலும் ஏனமும் அவர்கள் வாயில் இன்றில்லை, பன்றி உண்டு.

அந்தப் பன்றியைத்தான் ஆண்டாள் கொண்டாள். நாச்சியார் திருமொழி பதினோராம் திருமொழியின் எட்டாம் பாட்டில் அச்சொல் எதுகைத் தானத்தில் இல்லை. வேறு சொல் பெய்ய யாப்பு இடந்தந்திருக்கும். பெய்தாளில்லை. மானமற்றது என்னும் அடைமொழியையும் முன்னே வைத்தாள். பாசி படர்ந்து கிடந்த பூமிப்பிராட்டிக்காக அழுக்குடம்போடு நீர் ஒழுக நின்றவன், தன் திறத்தில் வாராதிருக்கிறானே என்னும் ஊடல் அவளுக்கு. மேன்மை பாராது இறங்கிய எளிமையே அங்கு ஏத்தும் ஆகிறது, ஏசும் ஆகிறது. தேசுடையவன் என்று உடனே கூறுவதும் அதனாலேயே. இவ்விடத்தில் 'வராஹமூர்த்தி' என்று பதவுரை வரைவது, அவள் களைந்த மானத்தை அவனுக்கு மீண்டும் உடுத்துவதாகும். பன்றி என்றே உரையிலும் இருக்கட்டும்.