‘உயிர்த்து’, ‘உயிரடையவில்லை’: ஆயிரவருஷ அரசாட்சியும் ஒரு வினைச்சொல்லும்

கிறிஸ்து மீண்டும் வந்து இப்பூவுலகிலேயே ஆயிரம் ஆண்டுகள் அரசாளுவார் என்னும் நம்பிக்கை கிறித்தவ உலகில் இரண்டாம் நூற்றாண்டு முதலே வழங்கி வருகின்றது. ஜஸ்டின், ஐரேனியஸ் ஆகியோர் இதனை வெளிப்படையாக ஏற்றனர். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகஸ்டின் இதனை மறுத்தார். ‘கடவுளின் நகரம்’ என்னும் தம் நூலின் இருபதாம் புத்தகத்தில், அவ்வாயிரம் ஆண்டு என்பது திருச்சபையின் நிகழ்காலமே என அவர் விளக்கினார். நற்செய்தி உலகெங்கும் பரவியதன் பயனாகப் பொற்காலம் ஒன்று விளையும். கிறிஸ்துவின் வருகை அதன் பின்னரே நிகழும் என்பது மூன்றாவது கருத்து. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜோனதன் எட்வர்ட்ஸ் இதற்கு வலுவூட்டினார். இம்மூன்றும் அறிந்த செய்திகளே. எனினும் ஆயிரம் ஆண்டு ஆட்சி என்னும் தொடர் விவிலியத்தில் இடம்பெறுவது வெளிப்படுத்தின விசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தில் மட்டுமே என்பதும், அங்கும் வழக்கு ஒரு வினைச்சொல்லையே சுற்றி நிற்கின்றது என்பதும் மொழிபெயர்ப்பாளர் நோக்கத்தக்கன.

அவ்வினை ‘எஸேஸன்’ என்பது. வாழ்தல் எனப் பொருள்படும் வேரினின்று பிறந்தது. நான்காம் வசனத்தில் கொல்லப்பட்ட சாட்சிகளைக் குறித்தும், ஐந்தாம் வசனத்தில் எதிர்மறையாக ஏனைய இறந்தோரைக் குறித்தும் அது வருகின்றது. முதல் உயிர்த்தெழுதல் ஆன்மா பாவ மரணத்தினின்று எழுவது, இரண்டாவது உடல் எழுவது என்பது அகஸ்டினின் உரை. ஒரே தொடரமைப்பில் ஒரே சொல்லை இருபொருள்படக் கொண்டால் மொழிக்கே உறுதிப்பாடு இராது எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹென்றி ஆல்ஃபோர்டு எதிர்த்தார். முதற்பொருள் உடலெழுச்சி எனின், இறந்தோர் எழுந்து மண்ணில் ஆளும் அரசு ஒன்று வரவுள்ளது. அன்றெனின் அது முன்னரே தொடங்கிவிட்டது.

1871இல் வெளிவந்த தமிழ்ப் பதிப்பில் (பவர் தலைமையில் அமைந்த குழுவினுடையது) முன்னது ‘உயிர்த்து’ எனவும், பின்னது ‘உயிரடையவில்லை’ எனவும் அமைந்துள்ளன. சொல் மாறியதற்காகக் குழுவினரை உடனே குறைகூறுதல் தகாது. அக்காலத்தில் பெருவழக்கிலிருந்த அச்சுக் கிரேக்க மூலத்தில் ஐந்தாம் வசனத்தின் சொல் ‘அனெஸேஸன்’, அதாவது மீண்டும் வாழ்ந்தனர் என்றிருந்தது. பிற்காலத் திறனாய்வுப் பதிப்புகளே இரு இடங்களிலும் ஒரே வடிவத்தைத் தருகின்றன. ஆனால் ‘உயிர்த்து’ என்னும் தேர்வை மூலபாட வேறுபாட்டால் மட்டும் விளக்க இயலாது. அடுத்து வரும் ‘அனஸ்டாசிஸ்’ என்னும் பெயரைத் தமிழ் ‘உயிர்த்தெழுதல்’ எனக் கொள்கிறது. கிரேக்கத்தில் அப்பெயருக்கு எழுந்து நிற்றல் என்பதே அடிப்பொருள். வாழ்தலோடு வேர்த்தொடர்பு இல்லை. தமிழிலோ ‘உயிர்த்து’ என்று படித்தவர் ‘உயிர்த்தெழுதல்’ என்பதை எட்டுமுன்னரே தீர்ப்பு வழங்கப்பட்டு விடுகின்றது. மூலத்தில் வாதிட்டு நிறுவவேண்டிய இணைப்பைத் தமிழ் ஒலியே செய்து முடித்துவிடுகின்றது.

இத்தேர்வு புவியரசுக் கொள்கையினர்க்குச் சாதகமானது எனத் தோன்றலாம். அதுவும் முழு உண்மையன்று. அதே நூலின் 2ஆம் அதிகாரம், 8ஆம் வசனத்தில் கிறிஸ்துவின் சொந்த உயிர்த்தெழுதலைக் குறிக்க அதே கிரேக்க வினை வருகின்றது. உடலெழுச்சிப் பொருளுக்கு இதனினும் தக்க சான்று அரிது. அங்கே தமிழ்ப் பதிப்பில் உள்ள சொல் ‘பிழைத்தவர்’. மறுபுறம் அகஸ்டின் தம் துணைக்கு அழைப்பது யோவான் 5ஆம் அதிகாரத்தை. அங்கும், இப்பொழுதே நிகழும் அகவெழுச்சியைக் குறிக்கும் 25ஆம் வசனத்தில் அவ்வினையே உள்ளது, தமிழில் ‘பிழைப்பார்கள்’. ஆக, இரு தரப்பாரின் தலையாய சான்றுகளும் தமிழ் வாசகர் கண்ணுக்குப் புலப்படாமல் போயின. இன்றைய வழக்கில் ‘பிழைத்தல்’ விபத்தில் தப்புவதையும் வயிற்றுப்பாட்டையும் நினைவூட்டுவது வேறொரு சங்கடம்.

‘ஆயிரவருஷ அரசாட்சி’ என்னும் தொகையும் ஆராயத்தக்கதே. மேற்குறித்த பகுதியில் அரசு என்னும் பெயர்ச்சொல் இல்லை. ‘அரசாண்டார்கள்’ போன்ற வினையே உண்டு. வினையைப் பெயராக்கித் தொகைப்படுத்தியவுடன், தொடக்கமும் முடிவும் உடைய, கால அட்டவணையில் குறிக்கத்தக்க ஒரு யுகம் உருவாகிவிடுகின்றது. ‘பசிலேயா’வுக்கு ‘ராஜ்யம்’ என்ற பழைய சொல் எல்லையுள்ள நிலப்பரப்பையும் உணர்த்தும். 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு ஆளும் ‘இறையாட்சி’ செயலையே முன்னிறுத்துகின்றது. மண்ணில் ஓர் அரசை எதிர்நோக்குவோர் முன்னதையே விரும்புவதில் வியப்பில்லை.

எண்ணைப் பொறுத்தவரை தமிழ் நடுநிலையானது எனலாம். ‘ஆயிரங்காலத்துப் பயிர்’ என்பார் எவரும் ஆண்டுகளை எண்ணுவதில்லை. ஆயிரத்தைக் குறியீடாகக் கொள்ளும் உரை தமிழ்ச் செவிக்கு அயலானதன்று. ஆயினும் தமிழில் ‘ஆயிரம்’ எண்ணாகவும் நிற்கும் ஆதலின், சிக்கலை அதனால் தீர்க்கவும் முடியாது.

20ஆம் அதிகாரத்தின் இரு வசனங்களிலும் ‘உயிர்பெற்றனர்’, ‘உயிர்பெறவில்லை’ என ஒரே வினையை ஆள்வதற்குத் தமிழ் இலக்கணத்தில் தடையேதும் இல்லை. 2ஆம் அதிகாரத்திலும் ‘உயிர்பெற்றவர்’ எனலாம். யோவானில் மட்டும் அது சற்றே இடறும். அங்கு ‘வாழ்வார்கள்’ என்பதே இயல்பு. அவ்விடத்தில் மூலச்சொல் ஒன்றே எனச் சுட்டும் அடிக்குறிப்பு வேண்டப்படும்.