வாலில்லாத குரங்கும் நான்கு பருவங்களும்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான தமிழ்ப் படக்களஞ்சியங்கள் என்று கடைகளில் விற்பவற்றை ஆறு மாதமாக வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தென்காசியில் இரண்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள்தான் காரணம். வழவழப்பான தாள், கெட்டி அட்டை, கண்ணைப் பறிக்கும் வண்ணம். பெயர்கள் வேண்டாம், ஒன்றைத் திறந்தால் மற்றதையும் திறந்த மாதிரிதான்.

பருவங்கள் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு கட்டங்கள்: பூ, வெயில், உதிரும் மஞ்சள் இலை, பனிமனிதன். தென்காசிக்காரர்களுக்கு 'சீசன்' என்றால் ஒன்றே ஒன்றுதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளி வழியாக நுழைந்து சாரலாகத் தெளிக்கும் மாதங்கள். "சீசன் ஆரம்பிச்சிட்டா?" என்று கேட்டால் ஐந்தருவியில் தண்ணி விழுதா என்று அர்த்தம். தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருக்க, ஆனி ஆடியிலேயே நனைகிற ஊர் இது. பழந்தமிழ் இலக்கணம் கார் முதல் முதுவேனில் வரை ஆறு பெரும்பொழுதுகளைப் பிரித்து வைத்திருக்கிறது. அந்த ஆறும் புத்தகத்தில் இல்லை, எங்கள் ஊர்ச் சாரலும் இல்லை. வேறு யாருடைய ஜன்னலுக்கு வெளியிலோ விழுந்த பனி மட்டும் இருக்கிறது.

அடுத்து குரங்கு. படத்தில் இருப்பது சிம்பன்ஸி. "இதுக்கு வால் எங்க மாமா?" என்று கேட்டாள். குற்றாலத்தில் கையிலிருந்த வாழைப்பழத்தைக் குரங்கிடம் பறிகொடுத்தவள். வாலைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அருவிக்கு 'நீர்வீழ்ச்சி' என்று போட்டிருந்தார்கள். பேரருவி, சிற்றருவி, புலியருவி என்று ஊரெல்லாம் பெயராகவே நிற்கும் சொல், ஏழு வயதுக்காரிக்கான புத்தகத்தில் ஏன் ஆகாமல் போனது?

இதை ஊர்ப்பாசம் என்று ஒதுக்கிவிடலாம். பனிக்கரடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தாராளமாக வரட்டும். ஆனால் பிள்ளைகள் இம்மாதிரிப் புத்தகத்தில் முதலில் தேடுவது தெரியாததை அல்ல, தெரிந்ததைத்தான். நான் பார்த்த குரங்கு இதில் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். அதில் தேறினால்தான் பார்க்காத கரடியைப் பற்றிப் புத்தகம் சொல்வதை நம்புவார்கள்.

1658-இல் நியூரம்பர்க்கில் கொமீனியஸ் வெளியிட்ட 'ஓர்பிஸ் பிக்டஸ்' இந்த வகைக்கு முன்னோடி. மரச்செதுக்குப் படங்கள், படத்துக்குள் 1, 2, 3 என்று எண்கள், அதே எண்கள் சொற்களுக்கும். எந்தச் சொல் எந்தப் பொருளுக்கு என்பதில் குழப்பமே வராது. நம் புத்தகங்களில் பெரும்பாலும் இணையத்தில் வாங்கிய படமும் அடியில் ஒரு சொல்லும்தான். அட்டை மட்டும் நன்றாக வளர்ந்திருக்கிறது.

தமிழில் முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. பெரியவர்களுக்கான கலைக்களஞ்சியத்தை முடித்த கையோடு தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனையே முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தது. இன்று நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. ஆனால் அது சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கானது. அகரவரிசையில் போகிறது, இரண்டாம் வகுப்புக்கு அந்த வரிசை ஒரு மலை. 247 எழுத்தை அடையாளம் தெரிவது வேறு, ழ-வுக்கும் ள-வுக்கும் எது முந்தி என்று தெரிவது வேறு.

தொழில் புத்தியில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு புத்தகத்தின் சொல்லடைவில் 'மயில்' என்பதற்கு முன்னால் 'மனிதன்' நின்றான். யூனிகோடில் ந-வை அடுத்து ன வருகிறது. நம் நெடுங்கணக்கில் ன கடைசி எழுத்து. கணினி வெறும் குறியெண்ணை வைத்து அடுக்கியதை யாரும் திரும்பப் பார்க்கவில்லை. அகராதி வரிசைக்கு அடுக்கும் வசதி எப்போதோ வந்துவிட்டது. பிள்ளைகள் புத்தகம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்கிற அலட்சியம்தான்.

இந்த வயதுக்கு அகரவரிசையைவிட இடவாரியான அடுக்கு நல்லது: வீடு, சந்தை, வயல், மலை. ஒரு பக்கம் முழுக்கப் பேரருவியை வரையட்டும், படத்துக்குள் எண்கள் போட்டு. 1. பாறை. 2. பொங்குமாங்கடல். 3. எண்ணெய் தேய்த்துவிடுபவர். 4. ஈரத்துண்டு. 5. மங்குஸ்தான் கூடை. 6. அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருக்கும், வாலுள்ள மந்தி.