கைப்பணியும் மாணவன் கூற்றும்

மாணவர் தம் கைப்பணியைக் குறித்து எழுதும் சிறு குறிப்புகளைத் திறனாய்வுக்குரிய பொருளாக எவரும் கொள்வதில்லை. ஒப்படைக் கொப்பியின் இறுதிப் பக்கத்திற் புள்ளி கருதி எழுதப்பட்டு, ஆண்டு முடிவிற் பழைய தாள்களோடு கழிக்கப்படுவன அவை. ஆயினும், தான் செய்ததையும் கண்டதையும் ஒருவன் உள்ளவாறு சொல்கின்றானா என்பதே உரைநடைக்குரிய முதற் சோதனையாயின், அச்சோதனைக்கு இக்குறிப்புகளினும் ஏற்ற களம் வேறில்லை.

என்னிடம் பயின்ற எட்டாந் தர மாணவர் இருவரின் குறிப்புகளை எடுத்துக்கொள்வோம். இருவரும் சார்வோலையாற் பெட்டி இழைத்தவர்கள். பனை கற்பகதரு என்றும், கைப்பணி நம் பண்பாட்டின் சின்னம் என்றும், இச்செயற்றிட்டத்தாற் பொறுமையும் ஒற்றுமையும் வளர்ந்தன என்றும் எழுதி, ஆசிரியருக்கு நன்றி கூறி முடித்தான் ஒருவன். மற்றவன் எழுதியதோ வேறு. நனைக்காது வளைத்தமையால் ஓலை பிளந்தது. நனைத்த பின் வளைந்தது. ஓலையை ஒரே அகலமாக வாராமையாற் பெட்டியின் ஒரு மூலை சரிந்தது. அப்பாச்சி கண்ணால் அளந்தே வார்ந்தார். அது தனக்கு வரவில்லை. ஆயினும் அம்மா அப்பெட்டியில் வெங்காயம் போட்டு வைத்திருக்கின்றார். இவ்வளவே அவன் குறிப்பு.

முதலாவதற்கு யான் உயர்ந்த புள்ளி இட்டேன். இரண்டாவதில், மூலை சரிந்தது என்ற வாக்கியத்தின் கீழ்ச் சிவப்பு மையாற் கோடிட்டு, ‘பயனை எழுதுக’ என்று குறித்தேன். அடுத்த தவணையில் அம்மாணவனும் முதல்வனைப் போலவே எழுதினான். அன்று அதனை வளர்ச்சி என்று மகிழ்ந்தேன். இன்று அது யான் இழைத்த பிழை என்றே கொள்கின்றேன்.

காரணம் கூறுவேன். முதலாவது குறிப்பிலுள்ள வாக்கியம் ஒவ்வொன்றும் ஓலையைத் தொடாமலே எழுதத்தக்கது. பனையை நீக்கிக் களிமண்ணை வைப்பினும் கற்பகதரு என்னும் ஒரு சொல்லே மாறவேண்டிவரும். இரண்டாவதோ கைவழி வந்த உரை. ஓலை பிளந்ததும் மூலை சரிந்ததும் காரணகாரியத் தொடர்பை உணர்த்துகின்றன. ‘கண்ணால் அளந்தே’ என்னும் இரு சொற்களில் ஒரு மூதாட்டியின் வாழ்நாட் பயிற்சி முழுவதும் அடங்கிவிடுகின்றது.

அமெரிக்க அறிஞர் ஜோன் டூயி 1896 இற் சிக்காகோவில் ஒரு பரிசோதனைப் பாடசாலையைத் தொடங்கினார். அங்கு பஞ்சையும் கம்பளியையும் கையாண்ட சிறுவர், அரைமணி நேரம் முயன்றும் விதையிலிருந்து ஓர் அவுன்சுப் பஞ்சைத்தானும் பிரித்தெடுக்க இயலாது நின்றனர். தம் முன்னோர் கம்பளியையே மிகுதியாக உடுத்தமைக்குக் காரணம் யாதென அவ்விடத்தில் அறிந்தனர். இங்கு அறிவைத் தந்தது இயலாமையே என்பது நோக்கத்தக்கது. எனினும், இச்செய்தியை நாம் டூயியின் வாயிலாகவே கேட்கின்றோம். சிறுவர் தம் சொல்லால் அதனை எவ்வாறு உரைத்தனர் என்பது அந்நூலிற் சிறப்பிடம் பெறவில்லை.

அக்குறையை நிரப்புவார் போல அவருக்கும் முன்னரே நின்றவர் தோல்ஸ்தோய். யஸ்னயா பொல்யானாவிற் குடியானவர் பிள்ளைகளுக்குத் தாம் நடத்திய பள்ளியின் அனுபவத்தைக் கொண்டு, எழுதுவதை யாரிடமிருந்து யார் கற்பது என்னும் வினாவை 1862 இல் ஒரு கட்டுரையில் எழுப்பினார். கதை புனைகையிற் சிறுவர் காட்டிய அளவுணர்ச்சி அப்பேராசிரியரையே வியக்கச் செய்தது. யானோ அவ்வளவுணர்ச்சியைச் சிவப்பு மையால் அடித்தேன்.

இங்கு ஒரு தடை எழலாம். மரபுத் தொடரும் நற்கருத்தும் மாணவர்க்கு வேண்டாவோ? வேண்டும். பனையின் பெருமை பொய்யன்று. அதனைக் கூறுதலும் குற்றமன்று. ஆனால், கூற்று அனுபவத்தின் முடிவாக வருதல் வேண்டுமேயன்றி, அனுபவத்துக்குப் பதிலாக வருதல் ஆகாது. 1937 இல் வார்தா மாநாட்டையொட்டி எழுந்த காந்தியடிகளின் ஆதாரக் கல்வி, கைத்தொழிலையே ஏனைய பாடங்களுக்கு நடுவாக வைத்தது. நம் நாட்டிலும் 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. அவை நெடுங்காலம் நிலைக்கவில்லை. திட்டங்கள் வரும், போகும். கடையில் வாங்கிய அட்டையையும் பெற்றோர் ஒட்டிய படத்தையும் கண்காட்சி மேசையில் வைத்து, அதன் அருகே மனனஞ் செய்த பயனை எழுதுவிப்போமாயின், எத்திட்டமும் நம்மைக் காவாது.

ஆதலின், ஆசிரியராகிய நாம் வினாவை மாற்றுதல் நன்று. ‘இதனால் நீ பெற்ற பயன் யாது?’ என்று கேட்பதை விடுத்து, ‘எங்கே பிழைத்தது? பின் என் செய்தாய்?’ என்று கேட்போம். அவ்வினாவுக்கு விடை எழுதக் கைப்பணி செய்தவனாலன்றி இயலாது. சரிந்த மூலையைச் சரிந்தது என்று எழுதும் துணிவே உரைநடையின் தொடக்கம். அதனை அடித்துவிடாதிருத்தல் நம் கடன்.