எழுதியாச்சா?

கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன், தொண்டை நாட்டில் பெண்ணையாற்றங்கரை அரைசூரில் தங்கியிருந்தபோது இளங்கோக்குடிக் கோயிலுக்கு 290 காசு கொடுத்தான். இளங்கோக்குடி என்பது நம் அம்பாசமுத்திரம். காசுக்கு இரண்டு கலம் நெல் வட்டி, வருஷத்துக்கு 580 கலம். இது இன்றைக்கும் நமக்குத் தெரிகிறதென்றால், தாமிரபரணிக் கரையில் ஒரு கல்தச்சன் உளியை எடுத்து வேலையை முடித்துவிட்டுப் போனதால்தான். அந்தக் காலத்து ராஜ உத்தரவுகள் முதலில் வாயில், பிறகு ஓலையில், கடைசியில் கல்லில். ஓலை எழுதும்போதே 'கல்லில் வெட்டியாச்சு' என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்கள் கம்ப்யூட்டர் சொல்கிறது.

'சேவ்' அழுத்துகிறீர்கள். 'ஆச்சு' என்கிறது. பல சமயம் ஆகியிருக்காது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் அதை மெமரியில் வாங்கி வைத்திருக்கும், அவ்வளவுதான். லினக்ஸில் சாதாரணமாக 30 செகண்ட் வரை அது அங்கேயே கிடக்கலாம். காரணம் நியாயமானதே. டிஸ்க் மந்தம், ஒவ்வொரு எழுத்துக்கும் அதனிடம் ஓடினால் பிழைப்பு நடக்காது. ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லைச் சீமையில் போனமாதிரி கரன்ட் போனால், மெமரியில் இருந்தது போச்சு.

பரிகாரங்கள் உண்டு. ஒன்று ஜர்னல். கடைக்காரர் முதலில் சிட்டையில் குறித்துக்கொண்டு பிறகு பேரேட்டில் ஏற்றுவாரே, அது. வழக்கமாக இது காப்பாற்றுவது ஃபைலின் பெயர், இடம், அளவு போன்ற விவரங்களைத்தான். உள்ளே இருக்கும் சரக்குக்கு உத்தரவாதமில்லை. இன்னொன்று 'எஃப்சிங்க்'. 'டிஸ்க்கில் ஏறும்வரை நகரமாட்டேன்' என்று புரோகிராம் பிடிக்கும் அடம். (ஆப்பிள் மேக்கில் இந்த அடமும் போதாது. டிஸ்க்குக்குள்ளேயே ஒரு குட்டி மெமரி இருக்கிறது, அதையும் காலி செய்யத் தனி உத்தரவு வேண்டும்.)

தாமதத்தை மன்னிக்கலாம். என் புகார் வேறு. 2018-ல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்காரர்கள் ஒரு விஷயத்தைக் கண்டு அதிர்ந்தார்கள். லினக்ஸில் எழுதும்போது டிஸ்க் மக்கர் செய்தால், எஃப்சிங்க் ஒரு தடவை 'பிழை' என்கும். சரி, மறுபடி முயல்வோம் என்று இரண்டாம் தடவை கேட்டால் 'எல்லாம் சுபம்'! டேட்டா ஏறவில்லை. முதல் தோல்வியிலேயே அந்தப் பக்கத்தை 'சுத்தம்' என்று குறித்துவிட்டு, கணக்கை முடித்துக்கொண்டது சிஸ்டம். பாங்க் கணக்குகளைத் தாங்கும் சாஃப்ட்வேருக்கு இந்தப் பதிலா? உளி முறிந்த தச்சன் வெற்றுக்கல்லைக் காட்டிக் கூலி கேட்டமாதிரி.

லினக்ஸ் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. பென் டிரைவைப் பாதியில் பிடுங்கிவிட்டால், எழுத வழியில்லாத பக்கங்களை மெமரியில் எத்தனை நேரம்தான் கட்டிக்கொண்டு அழுவது? வாஸ்தவம். அதற்காக 'சுபம்' என்று சொல்லவேண்டியதில்லை.

போஸ்ட்கிரெஸ் 2019-ல் முறையை மாற்றிக்கொண்டது. எஃப்சிங்க் தோற்றால் மறுபடி கேட்பதில்லை. தானே விழுந்து, எழுந்து, தன் சிட்டையைப் பார்த்து முதலிலிருந்து எழுதுகிறது.